இங்கிலீஷ் பொட்டு

சுடலைமுத்து அண்ணன் தன் மருமகனைக் கண்டதும் எழுந்து நிற்க ஆரம்பித்தபோதுதான் எனக்கு விஷயத்தின் தீவிரம் உறைத்தது.

அந்த மருமகனுக்கு உருப்படியான வேலை எதுவும் கிடையாது. மாமனார் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு நாலாவது வேளைக்கு என்ன என்று கேட்கிற ரகம். ஆனால் அவனிடம் ஒரு பனியன் இருந்தது. நெஞ்சில் கொட்டை கொட்டையான இங்கிலீஷ் எழுத்தில் 'இங்கே நான்தான் முதலாளி' என்று அச்சடித்திருக்கும். முப்பது வருடம் பேண்டேஜ் மில்லில் மூட்டை தூக்கியவர், மேஸ்திரியையே கை நீட்டிப் பேசக்கூடியவர், அதைப் படித்த அன்றிலிருந்து நாற்காலியைக் காலி செய்து கொடுக்க ஆரம்பித்தார்.

"என்னண்ணே இது அநியாயம்?" என்று கேட்டேன்.

"முதலாளின்னு எழுதியிருக்கே டீச்சர். நான் என்ன செய்ய? அவன் அந்தப் பனியனத் துவைக்கக்கூடக் குடுக்க மாட்டேங்கான்."

இது நடந்தது இரண்டாயிரத்து நாற்பத்தொன்றில். அதற்கு மூன்று வருடம் முன்புவரை எல்லோரும் கைபேசியை நீட்டினால் எந்த மொழியும் தமிழாகிவிடும். பிறகு எங்கோ ஒரு புண்ணியவான், மருந்து பாட்டிலில் இருந்ததன் மொழிபெயர்ப்பை நம்பி, காதில் விட வேண்டியதைக் குடித்துவிட்டு வழக்குப் போட்டார். வழக்கு நாடு நாடாகப் பரவியது. மொழிபெயர்ப்புக் கம்பெனிகள் எல்லாம் நமக்கு எதற்கு வம்பு என்று கடையைச் சாத்திவிட்டன. அசல் காகிதத்தை அவரவர்தான் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று சட்டமும் வந்தது. எங்கள் ராஜபாளையத்துப் பக்கம் அசல் காகிதம் என்றால் இங்கிலீஷ்தான். மில் உத்தரவு, ஆஸ்பத்திரிச் சீட்டு, காப்பீட்டுப் பத்திரம் எல்லாமே.

அப்போதுதான் வாசிகா கம்பெனி வந்தது. பொட்டு அளவில் ஒரு வில்லை. நெற்றியோரத்தில் ஒட்டிக்கொண்டு இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தால் போதும், அர்த்தம் தானாக மனதில் வந்து உட்காரும். எழுத்துக் கூட்ட வேண்டாம், அகராதி வேண்டாம். படிக்க மட்டும்தான் உதவும், எழுத உதவாது. எழுதுகிற பொட்டு அடுத்த வருடம் வருமாம். ஒரு வருடத்துக்கு இலவசம் என்று மில் ஆட்கள் இருநூறு பேருக்கும் ஜனவரியில் ஒட்டிவிட்டார்கள். டிசம்பர் முப்பத்தொன்றோடு அது செயலிழந்துவிடும். வேண்டும் என்பவர்கள் அதற்கு முன்பு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் தோலுக்கடியில் நிரந்தரமாகவே வைத்துவிடுவார்கள்.

பதினெட்டு வருடம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த ஜனவரியிலேயே வேலை போயிற்று. பொட்டு ஒட்டினாலே படிக்க வருமென்றால் டீச்சரிடம் யார் வருவார்? வீட்டில் உட்கார்ந்து பத்து மாதம் வாசிகாவைச் சபித்தேன். நவம்பரில் அதே வாசிகாவிலிருந்து அழைப்பு வந்தது. ஒப்பந்தம் போடுமுன் ஒவ்வொருவரும் நாற்பது மணி நேரம் 'விமரிசன வாசிப்பு' வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அரசாங்க விதியாம். அதற்கு ஓர் ஆள் தேவை. மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

கம்பெனியின் ஊர்ப் பிரதிநிதி நிதின். இருபத்தாறு வயது. எப்போதும் சிரித்த முகம். பனியன் கதையை அவனிடம் சொன்னேன்.

"மேடம், அது கோளாறு இல்ல. நம்ம ப்ராடக்ட்டோட வெற்றியே அதுதான்," என்றான். "மத்த கருவியெல்லாம் யாரோ பேசுற மாதிரி காதுல சொல்லும். இதுல அர்த்தம் உங்க சொந்தக் குரல்ல, நீங்களே நினைச்ச மாதிரி வரும்."

"நாமே நினைச்ச மாதிரி வந்தா அதை எப்படிச் சந்தேகப்படுறது?"

"எதுக்கு மேடம் சந்தேகப்படணும்?" என்றான். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான். அவனும் பொட்டு வைத்திருந்தான்.

முதல் தொகுதியில் முப்பது பேர். மில்லின் சாப்பாட்டுக் கூடத்தில் தினமும் மாலை நான்கு மணிக்கு வகுப்பு. அரசாங்கம் ஒரு கையேடு கொடுத்திருந்தது, அதுவும் இங்கிலீஷில். முதல் பாடத்தின் முதல் வரி, 'படிப்பதை எல்லாம் நம்பாதீர்கள்.' முப்பது பேரும் படித்தார்கள். முப்பது பேரும் முழு மனதோடு நம்பினார்கள்.

மறுநாள் வகுப்புக்குப் பாதிப் பேர் வரவில்லை. வகுப்பு அறிவிப்பை அவர்கள் நம்பவில்லை. சுடலைமுத்து அண்ணன் பஸ்ஸின் பெயர்ப்பலகையை நம்பாமல் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். ஒரு நல்லது நடந்தது, அன்று மருமகனை நாற்காலியை விட்டு எழுப்பிவிட்டாராம். ஆனால் கையேட்டின் இரண்டாம் பாடம் 'தகுதியானவர்கள் எழுதியதை நம்பலாம்' என்று தொடங்கியது. பனியனில் எழுதியிருப்பவர் முதலாளி, அவரைவிடத் தகுதியானவர் யார் என்று பழையபடி எழுந்து நின்றுவிட்டார்.

நான் விடாமல் முயன்றேன். ஷாம்பு பாட்டிலைக் கொண்டுபோனேன். 'சேதமடைந்த கூந்தலுக்கு' என்று இருந்ததைப் படித்துவிட்டு பாண்டீஸ்வரி அக்கா தலையைத் தொட்டுப் பார்த்து, "என் முடி சேதமாயிருக்குன்னு இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது" என்று கண் கலங்கினாள். இதை எழுதியவரின் நோக்கம் என்ன என்று கேட்டேன். "நம்ம மேல அக்கறை" என்று முப்பது வாயும் ஒன்றாகச் சொன்னது. அன்று வீட்டுக்குப் போய் நான் நேராகப் படுத்துவிட்டேன்.

வகுப்பில் எல்லோரையும்விட ஆர்வமாக இருந்தவர் குருவம்மாள் அக்கா. தறி ஓட்டுகிறவர், ஐம்பத்தாறு வயது, கணவர் இல்லை. ஒரே மகன் கிஷோர் அயர்லாந்தில் வேலையில் இருக்கிறான். அங்கேயே நோரா என்று ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணம் முடிந்து ஊருக்கு வந்த நோரா நம் ஊர்க் காரத்தில் மூக்கும் கண்ணும் ஒழுக உட்கார்ந்திருந்துவிட்டு, "சாப்ட்டீங்களா அம்மா" என்ற ஒரே வாக்கியத்தைக் கற்றுக்கொண்டு போனாள். மாமியாருக்குப் பொட்டு கிடைத்த செய்தி தெரிந்ததும் மாதம் ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தாள். குருவம்மாள் அக்கா அதைக் கடையில் அச்செடுத்து முந்தானையில் முடிந்து வைத்திருப்பார்.

"இதுல என்ன எழுதியிருக்கான்னு பாருங்க டீச்சர்," என்று முதல் வாரமே காட்டினார். 'எனக்குத் தெரிந்த அம்மாக்களிலேயே நீங்கள்தான் சிறந்தவர்' என்று இருந்தது. "இந்த ராஜபாளையத்துலயே மருமக சொல்றத நம்புற ஒரே மாமியா நான்தான். மத்தவளுக எல்லாம் வயிறு எரிஞ்சு சாகுறாளுக. கையெழுத்து முகாம் என்னைக்கு? நான்தான் மொதல்ல போடுவேன்."

"பதில் எழுதுவீங்களாக்கா?"

"பொட்டு எழுத உதவாதே. கிஷோர் போன்ல வாரப்போ நல்லாருக்கேன்னு அவகிட்டச் சொல்லச் சொல்லுவேன்," என்றார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பொறாமையாகவும் பயமாகவும் இருந்தது. எனக்கும் ஒரு மாமியார் உண்டு.

கதை மாறியது பாண்டீஸ்வரி அக்காவின் மகளால். ஒருநாள் அந்தப் பெண்ணுக்கு ஒரு வரன் வந்திருப்பதாக அக்கா சொன்னாள். "ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன். சொந்தமா எலெக்ட்ரிகல் கடை. ஒரே தங்கச்சி, கட்டிக் குடுத்தாச்சு. பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாதாம்."

நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் முப்பது பேரும் நிமிர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"யாரு கொண்டாந்த இடம்?" என்றார் சுடலைமுத்து அண்ணன்.

"தரகர்."

"தரகருக்கு மாப்பிள்ள வீட்டோட என்ன பழக்கம்?"

"பையனுக்கு வயசு?" என்றது இன்னொரு குரல். முப்பத்தைந்து. "சொந்தக் கடை வச்சவனுக்கு முப்பத்தஞ்சு வரைக்கும் ஏன் ஆகல?"

"போட்டோ இருக்கா?" போட்டோ கைமாறியது. "ஏன் உக்காந்தே எடுத்திருக்கான்? நிக்கிற போட்டோ கேளு."

"தங்கச்சியக் கட்டிக் குடுத்தாச்சுன்னாகளே, அந்த மாப்பிள்ளையப் பத்தி ஒரு வார்த்தையும் வரல பாத்தியா? தங்கச்சி எங்க இருக்கா, புருஷன் வீட்டுலயா, அண்ணன் வீட்டுலயா?"

கடைசியாகக் குருவம்மாள் அக்கா மெதுவாகக் கேட்டார், "குடிக்க மாட்டான்னு சொன்னாகளே பாண்டி, அத நீ கேட்டியா?"

"நான் எங்க கேட்டேன். அவுகளாத்தான் சொன்னாக."

"கேக்காமலே எதுக்குச் சொல்றாக?"

போட்டோ பாண்டீஸ்வரி அக்காவின் கைக்கே திரும்பி வந்தது. பிறகு முப்பது பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். அந்தப் பையன் அங்கேயே செத்தான்.

என் கையிலிருந்த டஸ்டர் கீழே விழுந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. யார் சொன்னது, அவருக்கு என்ன லாபம், எது விட்டுப்போயிருக்கிறது, கேட்காமலே ஏன் சொல்லப்படுகிறது. கையேட்டின் பன்னிரண்டு பாடத்தையும் ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். இவர்களுக்கா நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

அப்போது பாண்டீஸ்வரி அக்கா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "தரகர் விவரம்னு இதக் குடுத்தாரு." மாப்பிள்ளையின் விவரம், இங்கிலீஷில். தாள் ஒவ்வொரு கையாகப் போனது. போன இடமெல்லாம் முகங்கள் மலர்ந்தன.

"தங்கமான பையன்," என்றார் சுடலைமுத்து அண்ணன்.

"என்னண்ணே, இப்பத்தான வேண்டாம்னீங்க?"

"இதுல எழுதியிருக்கே டீச்சர், நற்குணம் நிறைந்தவர்னு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எல்லாரும் பொட்டைக் கழட்டுங்க," என்று கத்தினேன்.

பாண்டீஸ்வரி அக்கா முகம் சுருங்கிப் போனாள். "நல்ல காரியம் பேசுற நேரத்துல அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். எடுத்து வைங்கன்னு சொல்லுங்க."

சரி, எடுத்து வைங்க என்றேன். எல்லோரும் வில்லையை எடுத்து டிபன் பாக்ஸ் மூடியில் ஒட்டி வைத்தார்கள். நான் தாளை வரி வரியாக, எழுத்துக் கூட்டி, அர்த்தம் சொல்லி மெதுவாகப் படித்தேன். 'நற்குணம் நிறைந்தவர்' வந்ததும், "யாரு சொன்னா, பெத்தவளா?" என்று ஒரு குரல் எழுந்தது. அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது.

அன்றிலிருந்து கையேட்டை மேசைக்கால் ஆடாமல் இருக்க மடித்து வைத்தேன். தினமும் முதல் அரைமணி நேரம் பொட்டு இல்லாமல் எழுத்துக் கூட்டிப் படிப்பது, நான்கு வரி பார்த்து எழுதுவது. புலம்பினார்கள். "காரு இருக்கறப்ப எதுக்கு டீச்சர் நடக்கணும்" என்றார்கள். நடந்தால்தான் ரோட்டில் கிடப்பது தெரியும் என்று அடக்கினேன். இங்கிலீஷ் எது வந்தாலும் அதை வரன் மாதிரி விசாரிக்க வேண்டும் என்பது ஒன்றே விதி. ஷாம்பு பாட்டில் திரும்ப வந்தது. "பொண்ணு பாக்க வந்தவன் வாசப்படியிலயே உன் முடி சேதம்னு சொன்னா உள்ள விடுவியாடி?" என்று ஒருத்தி கேட்டதோடு ஷாம்பு வெளியேறியது. சுடலைமுத்து அண்ணன் வீட்டில், மருமகன் நாற்காலி இல்லாமல் நிற்பதாகத் தகவல் வந்தது.

டிசம்பர் நடுவில் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தோம். ஆறு பக்கம். பொட்டு டிபன் மூடியில்.

"வலிக்காதுன்னு மூணு இடத்துல இருக்கு. நாம கேட்டமா?"

"உங்கள் முடிவெடுக்கும் திறனை இது பாதிக்காதுன்னு இருக்கே. இத யாரு கேட்டா?"

"வைக்கிறதப் பத்தி ரெண்டு பக்கம் இருக்கு. எடுக்கிறதப் பத்தி ஒரு வரியும் காணல," என்றார் குருவம்மாள் அக்கா. அதை அவரே விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டு அவர் முகம் வாடிப்போனதையும் பார்த்தேன்.

"காகிதத்தப் பாத்து என்னத்துக்கு," என்றார் சுடலைமுத்து அண்ணன். "ஏற்கெனவே கட்டிக் குடுத்த இடத்துல போய் விசாரிக்கணும்."

பக்கத்து மாவட்டத்தில் ஓர் ஊரில் போன வருடமே எல்லோருக்கும் நிரந்தரப் பொட்டு வைத்தாகிவிட்டது என்று நிதின் பெருமையாகச் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் பிடித்துப் பன்னிரண்டு பேர் போனோம். வரன் விசாரிக்கப் போகிறவர்கள் நேராக வீட்டுக்குப் போகமாட்டார்கள், டீக்கடைக்குத்தான் போவார்கள். நாங்களும் போனோம்.

கடைக்காரர் ஒருவர்தான் அந்த ஊரில் பொட்டு வைக்காதவர் போலிருந்தது. 'உலகின் மிகச் சிறந்த டீ' என்று இங்கிலீஷில் ஒரு பலகை. குருவம்மாள் அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "பால் இல்லியாண்ணே?" என்றார்.

கடைக்காரர் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "என்ன சொன்னீக?"

"சுடுதண்ணி மாதிரி இருக்குன்னேன்."

அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எட்டு மாசமாச்சும்மா, என்கிட்ட ஒருத்தர் குறை சொல்லி. அந்தப் பலகைய வச்ச நாள்லேர்ந்து எதப் போட்டுக் குடுத்தாலும் குடிச்சிட்டு நன்றி சொல்லிட்டுப் போறாக. சும்மா பாப்போம்னு போன வாரம் வெறும் தண்ணியக் குடுத்தேன். அதுக்கும் நன்றிதான். கடையில ஒரு சண்டை கிடையாது, பேச்சு கிடையாது. இங்கிலீஷ் பேப்பர்ல வந்தது வந்தபடி நெசம். எதிர்க்கட்சிக்காரன்கூட ஆளுங்கட்சி பேப்பரப் படிச்சிட்டு அழுதுட்டுப் போறான்."

"ஒரு பையனப் பத்தி விசாரிக்கணும்னா இங்க யார்ட்டக் கேக்க?" என்றார் சுடலைமுத்து அண்ணன்.

"யார்ட்டயும் கேக்க முடியாது. எல்லாப் பையனும் நல்ல பையன்தான், எழுதிக் குடுத்துட்டா."

"வேண்டாம்னு எடுத்தவுக யாரும் உண்டா?"

"எடுக்க எங்க போகன்னு கம்பெனியக் கேட்டாக. எடுக்கத் தேவையில்லன்னு கடுதாசி வந்துச்சு. இங்கிலீஷ்ல." கடைக்காரர் எழுந்து புதிதாகப் பால் காய்ச்சி எங்கள் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை கம்மி என்று சுடலைமுத்து அண்ணன் வேண்டுமென்றே சொன்னார். மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் ஒரே முடிவாக இருந்தார்கள். இந்த இடம் வேண்டாம். குருவம்மாள் அக்கா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"நான் கையெழுத்துப் போடத்தான் போறேன் டீச்சர்," என்றார்.

"அக்கா, நீங்கதான எடுக்கிறதப் பத்தி ஒரு வரியும் இல்லைன்னு கண்டுபிடிச்சீங்க."

"கண்டுபிடிச்சேன். அதுக்கென்ன? எனக்கு வீட்டுல பேச ஆள் இல்ல. மாசம் ஒரு தடவ ஒருத்தி நீதான் நல்ல அம்மான்னு எழுதுறா. அத விசாரிக்காம நம்பணும்னு இருக்கு எனக்கு. பொட்டு போச்சுன்னா எழுத்துக் கூட்டிப் படிக்கணும். எழுத்துக் கூட்டுனா சந்தேகம் வரும். நீங்கதான சொல்லிக் குடுத்தீக."

நன்றாகச் சொல்லிக்கொடுத்துத் தொலைத்துவிட்டோம் என்று என் மேலேயே எரிச்சலாக இருந்தது. நம்பிக்கொண்டு நிம்மதியாக இருந்தவரை நான்தான் கெடுத்தேன்.

கையெழுத்து முகாம் டிசம்பர் இருபத்தொன்பது, ஞாயிறு காலை பத்து மணி. ஒன்பதுக்கே போனேன். மில் வாசலில் பந்தல் போட்டு, மேசை போட்டு, நிதின் பேனாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். குருவம்மாள் அக்கா சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பதினோரு கடிதங்கள் வரிசையாகப் பரப்பியிருந்தன. நெற்றியில் பொட்டு இல்லை. கையில் பென்சில்.

"மனசு கேக்கல டீச்சர். போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ விசாரிச்சிருவோம்னு பாத்தேன்," என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "மொத நாலு லெட்டரும் பூரா கிஷோர்தான். கிஷோர் தோசையக் கருக்கிட்டான், கிஷோர் குடையத் தொலைச்சிட்டான். அஞ்சாவதுலேர்ந்து மழை, தோட்டம், அவ ஸ்கூலு, அவ வளக்கிற பூனை குட்டி போட்டது, அப்படித்தான் இருக்கு. கிஷோர் ஒண்ணையும் கருக்கல, ஒண்ணையும் தொலைக்கல. ஆனா ஏழு லெட்டர்லயும் கடைசியில ஒரே வரி. 'கிஷோர் நன்றாக இருக்கிறார், கவலைப்படாதீர்கள்.' நான் கவலப்படுறேன்னு அவகிட்ட யாரு சொன்னா? கேக்காமலே எதுக்குச் சொல்றா?"

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"பொட்டோட படிச்சப்ப இந்த வரி வாரப்பல்லாம் எனக்கு எம்புட்டு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? நேத்து ராத்திரி கிஷோருக்குப் போன் போட்டேன். நேராக் கேக்கலாமா? வரன் விசாரிக்கப் போனா நேராக் கேப்பமா? பூனைக்குட்டியெல்லாம் கண்ணு முழிச்சிருச்சாடான்னு கேட்டேன். எந்தப் பூனைங்கிறான்."

அதன்பிறகு அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். ஜூன் மாதமே பிரிந்துவிட்டார்கள். தப்பு அவன் மேல்தான். அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள், நீ சொல்லிவிடாதே, நானே நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்று நோராவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த நேரம் ஏழு மாதமாக வரவில்லை.

"அழாதீங்கக்கா," என்றேன். அவர் அழவில்லை, நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

"இன்னும் விசாரிச்சு முடியல டீச்சர்," என்று முதல் கடிதத்தை எடுத்தார். சிறந்த அம்மா என்ற வரியில் பென்சில் கோடு போட்டிருந்தார். அதே வரி கடைசிக் கடிதத்திலும் இருந்தது, அதிலும் கோடு. "இத யாரு சொன்னா? நோரா. சொல்றதுல அவளுக்கு என்ன லாபம்? மாமியாருக்கு ஐஸ் வச்சுப் புருஷன முடிஞ்சுக்கிறதுக்குன்னா, புருஷனே இல்ல. வேற ஒரு சொத்து சுகம் என்கிட்ட கிடையாது. நான் ஒரு லெட்டருக்காவது பதில் போட்டிருக்கனா? அதுவும் இல்ல. கட்டுனவன் விட்டுட்டுப் போயிட்டான், அவன் ஆத்தாளுக்கு ஒருத்தி ஏழு மாசமா பூனை குட்டி போட்டத எழுதிக்கிட்டு இருக்கா. எப்படிப் புரட்டிப் பாத்தாலும் அவளுக்கு ஒண்ணும் இல்ல. அப்ப இது நெசம்தான டீச்சர்?"

"நெசம்தான்க்கா," என்றேன்.

"பொட்டு வச்சு நம்புனது பொட்டுக்காக நம்புனது. இது நானே விசாரிச்சது." கடிதங்களை அடுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார்.

பந்தலில் நிதின் அவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக எழுந்தான். "வாங்கம்மா, நீங்கதான் ஃபர்ஸ்ட்." ஒப்பந்தத்தையும் பேனாவையும் நீட்டினான். குருவம்மாள் அக்கா உட்கார்ந்து, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பின்புறம் வெறுமையாக இருந்தது. அதில் இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு. வேடிக்கை பார்க்க வந்த எங்கள் வகுப்பு ஆட்கள் பின்னால் வரிசையாகச் சேர்ந்தார்கள். கையெழுத்து இவ்வளவு நீளமா என்று நிதின் எட்டிப் பார்த்தான். "சும்மா இருப்பா" என்று சுடலைமுத்து அண்ணன் அவனை அடக்கினார்.

இருபது நிமிடம் கழித்து அந்தத் தாளை மட்டும் கிழித்தெடுத்து என்னிடம் நீட்டினார். ஐந்து வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நோரா. எனக்குத் தெரியும். கிஷோர் முட்டாள். நீ என் பெண். பொங்கலுக்கு வா, காரம் போடமாட்டேன்.'

நான்கு இடத்தில் பிழை இருந்தது. பதினெட்டு வருடம் சிவப்பு மை பிடித்த கை துறுதுறுத்தது. அப்படியே மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"நிதின் தம்பி, இந்தப் பேனா நல்லா எழுதுது," என்று அவனிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். அவன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் எங்கே என்று தேட ஆரம்பித்திருந்தான்.

தபாலாபீஸ் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்காது என்று சொன்னேன். பரவாயில்லை, போய் நிற்போம், நாளைக்குத் திறப்பான் என்று வேகமாக நடந்தார். ரோட்டைக் கடக்கும்போது திடீரென்று நின்றார்.

"நான் எழுதுனத நோரா நம்புவாளா டீச்சர்?"

"அவகிட்ட பொட்டு கிடையாதேக்கா. எப்படிச் சொல்ல முடியும்?"

குருவம்மாள் அக்கா தாளை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"நம்பலைன்னா நேர்ல வந்து விசாரிக்கட்டும்," என்றார்.